தலைக்கு மேலே வந்தால் பயமில்லை

குகதாசன் காற்றைப் படிக்கப் போனவன். இதைக் கேட்ட நாளிலிருந்து வன்னியிலுள்ள அந்தக் குடியேற்றத் திட்டத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. டொக்டருக்குப் படிக்கிறான், எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்றால் நாலு பேருக்கு விளங்கும். காற்றைப் படிக்கிறதென்றால் அது என்ன கோதாரிப் படிப்பு?

“காத்தைப் படிக்கிறதுக்கு லண்டனுக்குப் போக வேணுமே? சோளகக் காத்து அடிக்கேக்கை எங்கட வயல் வரம்பிலை வந்து நிண்டால் சும்மா படிக்கலாம்” என்று அப்புத்துரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்புத்துரை, குகதாசனின் அக்கா இரஞ்சிதத்தின் புருஷன். மச்சானைக் கிண்டல் பண்ண உரித்துள்ளவர்.

இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். “பிளேன்ரை செட்டையிலை காத்து எப்பிடிப் பிடிக்குது எண்டதுதான் அவன்ரை படிப்பு. உங்களுக்கு உழவு மெசின்ரை சில்லுக்குக் காத்தடிக்கத்தான் தெரியும்” என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்தப் பெருமை பொருத்தமானதுதான். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்த ஆட்கள். தகப்பன் பாம்பு கடித்துச் செத்தபோது குகதாசனுக்கு வயது பதினொன்று. தன் படிப்பை விட்டுவிட்டுக் களை பிடுங்கப் போய்த் தம்பியைத் தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் இரஞ்சிதம். அவன் பல்கலைக்கழகக் கம்பசுக்குப் போனான், அங்கிருந்து உதவிப்பணம் கிடைத்து லண்டனுக்குப் போனான். விமானச் செட்டையின் நுனியில் காற்று ஏன் சுழல்கிறது என்று ஐந்து வருடம் ஆராய்ந்து கலாநிதியானான். நாற்பத்துமூன்று வயதில் பேராசிரியர். இப்போது பறக்கிற பிளேன்களில் செட்டை நுனி மேல்நோக்கி மடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்பை எவ்வளவு வைத்தால் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று கணக்குப் பார்த்தவர்களில் அவனும் ஒருவன். காற்றோட்டத்தை அளக்கிற ஆள் உயரக் குழாய் ஒன்றுக்குள், ராட்சத விசிறிக்கு முன்னால் அவன் நிற்கிற படத்தை இரஞ்சிதம் அலுமாரிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தாள். சண்டைக்குள் அலுமாரியும் போய்விட்டது, படமும் போய்விட்டது. அப்புத்துரையும் பிறகு நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இப்போது குகதாசனுக்கு அறுபது வயது. பென்சன் எடுக்க முன்னம் ஒருமுறை ஊருக்கு வந்தான். படித்த பள்ளிக்கூடம் விடுமா? ‘பேராசிரியர் கௌரவிப்பும் சிறப்புரையும்’ என்று சந்தியில் பெரிய பதாகை கட்டிவிட்டார்கள்.

முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, நாளைக்கு என்ன பேசப் போகிறாய் என்று இரஞ்சிதம் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“எங்கட கணக்கைத்தான் அக்கா சொல்லப் போறன். தமிழிலை சொல்லுறது இதுதான் முதல் தரம்.”

“எந்தக் கணக்கு?”

“நல்ல கதை! நான் போனிலை சொன்ன கணக்கு. உங்களைத் தப்ப வைச்ச கணக்கு.”

ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவன் எடுக்கிற முதல் வகுப்பே இதுதானாம். பதினைந்து வருடமாகச் சொல்கிறானாம். காற்றைப் பற்றிய படிப்பு உயிரைக் காப்பாற்றுகிற படிப்பு, என் அக்காவே சாட்சி என்றுதான் தொடங்குவானாம். இதற்காக நல்லாசிரியர் பரிசுகூடக் கொடுத்தார்களாம். அவன் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டே போனான். இரஞ்சிதம் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

அந்தக் கணக்கு இதுதான். 2008ஆம் ஆண்டு ஆனி மாதம், கிபிர் விமானங்கள் வந்து வந்து குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். புதுக்குடியிருப்பில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடையில் அரைநாள் வரிசையில் நின்று இரஞ்சிதம் தம்பியோடு கதைத்தாள். சத்தம் கேட்டதும் ஓடி ஓடிப் பங்கர்க் குழிக்குள் விழுந்தே உயிர் போகிறது என்று அழுதாள். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான்.

“குண்டு நேர கீழை விழாது அக்கா. பிளேன் ஓடின வேகத்திலையே முன்னாலை ஓடி ஓடித்தான் விழும். மூண்டு நாலு கிலோமீற்றர் தள்ளி நிக்கேக்கையே விட்டிடுவாங்கள். அப்ப, உங்கட தலைக்கு மேலை சத்தம் கேட்டால் அது விட்ட குண்டு உங்களுக்கில்லை. தலைக்கு மேலை வந்தால் பயமில்லை.”

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எந்தப் பேராசிரியரிடம் கொடுத்தாலும் சரி போட்டுத் தருவார். ஆனால் அது ஒரு பிளேனுக்குப் போட்ட கணக்கு. வன்னிக்கு எந்த நாளும் ஒன்று தனியே வந்ததில்லை, சோடியாகத்தான் வரும். ஒன்று மேலால் இரைந்துகொண்டு போக, அந்த இரைச்சலுக்குள் மற்றது வேறொரு பக்கத்தால் இறங்கும். லண்டனில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்த இரஞ்சிதம் சொல்லவும் இல்லை. தம்பி சொன்னான் என்றதும் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு காலை. பத்து மணியிருக்கும். ஆம்பிளைகள் எண்ணெய் தேடிப் போய்விட்டார்கள். பங்கருக்குள் நாலு பேர்: இரஞ்சிதம், அவளுடைய ஒரே மகன் நிருஷன், பக்கத்துக் காணிக் கமலாட்சி, கமலாட்சியின் மகள் சுரேகா. நிருஷனுக்குப் பதினேழு, சுரேகாவுக்குப் பதினைந்து. பிளேன் கூரையைப் பிய்ப்பதுபோல மேலால் போனது. அப்போதுதான் இரஞ்சிதம் பார்த்தாள், குசினிக்கு வெளியே வைத்த அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஈர விறகு. புகை தென்னை உயரத்துக்கு எழும்பி நின்றது. புகையைப் பார்த்துத்தான் அடிக்கிறான் என்று ஊரெல்லாம் கதை.

“மேலாலை போயிட்டுது. இனிப் பயமில்லை. ஓடிப்போய் அடுப்பை நூத்துப்போட்டு வா” என்றாள் மகனிடம். சுரேகாவும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

கமலாட்சி மகளின் கையைப் பிடித்தாள். “பொறுங்கக்கா. இன்னொண்ணு வரும். எப்பவும் ரெண்டுதானே வருது.”

கமலாட்சியின் ஆட்கள் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழு கலவரத்தோடு அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு இரஞ்சிதம் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது.

“என்ரை தம்பி இதைத்தான் வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறான். நீ எந்தக் கம்பசிலை படிச்சனி? கொழுந்தெடுத்த ஆக்கள் எங்களுக்குப் பிளேனைப் பற்றிப் படிப்பிக்க வேண்டாம்.”

கமலாட்சி கையை விட்டாள். பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன.

மற்றது குளத்துப் பக்கத்தால் வந்தது.

அதற்குப் பிறகு ஓட்டம், சாவு, முகாம், கம்பிவேலி. அடுத்த வருடம், 2009 கடைசியில், இரஞ்சிதமும் அப்புத்துரையும் முகாமிலிருந்து விடுபட்டு நெளுக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அங்கேயிருந்து தம்பிக்குப் போன் எடுத்தாள். நிருஷன் சண்டையின் கடைசி நேரம் பீரங்கிச் செல் விழுந்து போய்விட்டான் என்றாள். குகதாசன் மறுமுனையில் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். அழுது முடிந்ததும் ஒன்று கேட்டான்.

“நான் சொன்ன கணக்கு உங்களுக்கு ஏதும் உதவினதோ அக்கா?”

என்ன சொல்வாள்? ஐயோ, நீங்களே சொல்லுங்கள், என்ன சொல்வாள்? “ஓமடா தம்பி. அதாலைதான் நாங்கள் தப்பினனாங்கள்” என்றாள். தம்பிக்காகச் சொன்ன பொய் என்றுதான் பதினாறு வருடமாகத் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தப் பொய்யால் அவளுக்கும் ஒரு நிழல் கிடைத்தது. போகச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புத்துரைகூடத் தெரியாமலே செத்தார். தெரிந்தவள் உலகத்தில் ஒரேயொரு ஆள். ஊர் திரும்பிய பிறகும் அவள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.

விழா நாளன்று விடியப் பல்லும் தீட்டாமல் இரஞ்சிதம் அங்கே ஓடினாள். கமலாட்சி முற்றத்தில் சாக்கு விரித்து, பிடுங்கி வந்த கச்சான் செடியில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இண்டைக்குப் பள்ளிக்கூடப் பக்கம் வராதை கமலாட்சி.”

“அதிபர் சேர் வந்து சொல்லிட்டுப் போனாரேக்கா. மாதர் சங்கத் தலைவி முன்வரிசையில இருக்கணுமாம்.”

“தம்பி அந்தக் கணக்கைப் பற்றிக் கதைக்கப் போறான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அவன்ரை பேரே அதிலைதான் நிக்குது. நீ ஏதும் சொல்லிப்போடாதை. உன்ரை காலிலை விழுறன்.”

கமலாட்சி ஆய்ந்த காயைக் கடகத்தில் போட்டாள். “இவ்வளவு நாளும் சொன்னேனாக்கா?”

“இல்லை. ஆனா ஆராவது கேட்டால்?”

“கேக்காட்டிச் சொல்ல மாட்டேன். கேட்டா, என் புள்ளையப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன்.”

இரஞ்சிதம் அதற்குமேல் கெஞ்சவில்லை. தானே தம்பிக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஓட்டோவில் வாயைத் திறந்தும் விட்டாள்.

“தம்பி, உந்தக் கதையை இண்டைக்கு விடன். வேறை ஏதும் பேசன்.”

“ஏனக்கா?”

“நிருஷன்ரை ஞாபகம் வரும்.”

அவன் அவளுடைய கையைப் பிடித்தான். “எனக்கும்தான் வரும். உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. சண்டை முடிஞ்ச வருசம் நான் வேலையை விடக் கடிதம் எழுதினனான். என்ரை சனத்துக்கு மேலை பறந்த சாமானைப் பற்றி என்னெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது? அந்தக் காத்துக் குழாய்க்குள்ளை போகவே எனக்கு அருவருப்பாய்க் கிடந்தது. நீங்கள் நெளுக்குளத்திலையிருந்து எடுத்து, கணக்கு உதவினது எண்டு சொன்னாப் பிறகுதான் அந்தக் கடிதத்தைக் கிழிச்சனான். பிறகு நான் எழுதினது, படிப்பிச்சது எல்லாம் நீங்கள் தந்ததுதான்.”

இதைக் கேட்டபிறகு எந்த அக்கா வாய் திறப்பாள்? இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் பான்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், ஒருவர் மாறி ஒருவர் புகழ்ந்து தள்ளினார்கள். முன்வரிசையில் இரஞ்சிதம், அவளுக்கு இரண்டு கதிரை தள்ளிக் கமலாட்சி. குகதாசன் எழும்பி வந்ததும் புகழ்ச்சியையெல்லாம் ஒரு பகிடியோடு தட்டிவிட்டான். மச்சான் அப்புத்துரை சோளகத்தைப் பற்றிச் சொன்னதைச் சொன்னான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல பேச்சுக்காரன், அதை மறுக்க முடியாது. பிறகு வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு பிளேன் கீறினான், அதிலிருந்து வளைந்து வளைந்து ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஒரு புள்ளி. பிளேனுக்கு நேர் கீழே ஒரு சின்ன வீடு. அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆள். “இது என்ரை அக்கா வீடு” என்றான்.

சபையில் பிள்ளைகள் மட்டும்தான் கரும்பலகையைப் பார்த்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டதுகளெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுகள். அவனுக்கு அது விளங்கவில்லை. லண்டனில் இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்களாம்.

“இந்தக் கணக்கைக் கேட்டு அண்டைக்குத் தப்பின ஆக்கள் இஞ்சை ஆராவது இருக்கிறீங்களோ? என்ரை அக்காவைத் தவிர?”

ஒருவரும் கை தூக்கவில்லை. அதிபர் சுஜிதன் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த இளம் மனிதர். விருந்தாளிக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று பதறிவிட்டார். “கமலாட்சியம்மா, நீங்கள் பக்கத்து வீடுதானே? அந்தப் பங்கரிலை நீங்களும் இருந்தனீங்கள்தானே? சொல்லுங்கோவன்” என்று ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தே விட்டார்.

கமலாட்சி எழும்பினாள். இரஞ்சிதத்தைப் பார்க்கவில்லை.

“இருந்தோமுங்க ஐயா.”

“அப்ப நீங்களும் தப்பினனீங்கள்!” குகதாசனின் முகம் மலர்ந்தது. “எத்தினை பேர் தப்பினீங்கள்?”

“ரெண்டு பேருங்க. நானும் உங்க அக்காவும்.”

“பங்கருக்குள்ளை எத்தினை பேர் இருந்தனீங்கள்?”

“நாலு பேருங்க ஐயா.”

வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவன். நாலில் இரண்டு போனால் என்ன மிச்சம் என்று கண்டுபிடிக்க அவனுக்கு வழக்கத்தைவிடக் கனநேரம் எடுத்தது. “மற்ற ரெண்டு பேர்?”

கமலாட்சி வாய் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒலிவாங்கியை நீட்டி இரஞ்சிதத்தின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

இரஞ்சிதம் அதைக் கையில் எடுத்தாள். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பேசினாள். “என்ரை பிள்ளையும் அவளின்ரை பிள்ளையும் தம்பி. நிருஷன் செல்லிலை சாகேல்லை. பிளேன் மேலாலை போயிட்டுது, இனிப் பயமில்லை எண்டு நான்தான் வெளியிலை விட்டனான். கமலாட்சி பொறுங்கோ, மற்றது வரும் எண்டவள். நீ எந்தக் கம்பசிலை படிச்சனி எண்டு நான் அவளைக் கேட்டனான். கொழுந்தெடுத்தவள் எண்டு சொன்னனான். அவள் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு வைச்சிருந்தவள். என்ரை வாய்க்குப் பயந்துதான் விட்டவள்.” இவ்வளவும் ஒலிபெருக்கியில் வாசல்வரை கேட்டது. அதிபர் எழும்பி ஓடிவந்து பாதி வழியில் நின்றுவிட்டார்.

குகதாசன் மேடை விளிம்புக்கு வந்தான். “மற்றது எந்தப் பக்கத்தாலை வந்தது?” என்று கேட்டான். பாவி, வேறென்ன கேட்பான், அவனுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

“குளத்துப் பக்கத்தாலை.”

“எவ்வளவு நேரம் கழிச்சு?”

இதற்குக் கமலாட்சி பதில் சொன்னாள். “அடுப்பை அணைச்சிட்டுத் திரும்புற நேரம் ஐயா.”

“எத்தினை பிளேன் வரும் எண்டு நான் கேக்கேல்லை” என்றான் குகதாசன். ஒலிவாங்கி இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும்தான் அது கேட்டது. “அக்கா, நான் அதைக் கேக்கவேயில்லை.” கரும்பலகையை அழிக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, திரும்பினான், பிறகு அதையும் செய்யாமல் மேடைப் படியில் பொன்னாடையோடு குந்திவிட்டான். இரஞ்சிதத்துக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு போவாள்?

அப்போது மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கதிரை இழுபட்டது. வாசலருகே நின்று கதிரை அடுக்கிக் கொடுத்த தவராசா, பள்ளிக்கூடக் காவலாளி, ஐம்பது வயது ஆள். ஒரு கோபமும் இல்லாமல் கேட்டான்.

“அக்கா, எங்கட ஐயாவும் அப்பிடித்தான் எழும்பினவர். வயல் வரம்பிலை குப்புறக் கிடந்தனாங்கள். தலைக்கு மேலை வந்திட்டுது, இனிப் பயமில்லை எண்டு சொல்லிக்கொண்டு எழும்பினவர், பிறகு விழுந்தவர்தான். இவருக்கு ஆர் இதைச் சொன்னது எண்டு நான் இண்டுவரைக்கும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

இரஞ்சிதம் திரும்பி அவனைப் பார்த்தாள். தகப்பனின் முகவெட்டு அப்படியே இருந்தது.

“நான்தான் தவராசா. கூட்டுறவுச் சங்கக்கடையிலை மா குடுத்த அண்டைக்கு லைனிலை நிக்கேக்கை சொன்னனான். என்ரை தம்பி சொன்னவன் எண்டு சொன்னனான். கொப்பருக்கு மட்டுமில்லை, நிண்ட எல்லாருக்கும் சொன்னனான்.”

சபையில் தவராசாவைப் போல இன்னும் மூன்று பேர் எழும்பி நின்றார்கள்.